மறைத்தல் அழித்தல் அன்று

பிழையெனத் தோன்றியதை உடனே அழித்துவிடுதல் எளிது. அதனைக் கண்ணுக்கு மறைத்து வைத்து, மறுமுறை நோக்கித் தெளிந்த பின்னர்க் கொள்ளுதலோ தள்ளுதலோ செய்தல் அரிது. கணினித் திரையிற் சித்திரம் தீட்டும் நம் மாணவர்களிற் பெரும்பாலோர் எளிய வழியையே பற்றி நிற்கின்றனர். வேண்டாத கோடு ஒன்று கண்ணிற் பட்டவுடன் அவர்தம் கை நாடுவது ரப்பர் என்னும் அழிப்பானையே. அழிப்பானினும் பன்மடங்கு சிறந்த கருவியொன்று அதே மென்பொருளில் அருகிலேயே கிடக்க, அதனைப் பலர் தொட்டும் பார்ப்பதில்லை. லேயர் மாஸ்க் என்று வழங்கும் அக்கருவியைப் பற்றியும், அதனை நம் கல்லூரியில் எவ்வாறு பயிற்றுதல் வேண்டும் என்பது பற்றியும் நம் கருத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இஃது ஓவியம் பயில்வோர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணி ஏனைய துறையினர் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. தாவரவியல் மாணவன் இலையின் குறுக்குவெட்டைத் திரையில் வரைகின்றான்; வரலாற்று மாணவி கோட்டையின் வரைபடத்திற்கு வண்ணம் தீட்டுகின்றாள்; கல்லூரி விழாவிற்கு அறிவிப்புப் படம் செய்வோரும், இம்மலருக்கு மேலட்டை அமைப்போரும் நம் மாணவரே. இவர் அனைவர்க்கும் இக்கருவி வேண்டப்படுவது. இஃது எங்கோ பிறந்து நமக்குச் சற்றும் தொடர்பின்றி வந்து சேர்ந்த புதுமை என்றும் கருத வேண்டா. இதன் உட்கருத்தைச் சேலம் நாமக்கல் சமவெளியின் தொழிலாளர் நெடுங்காலமாகத் தம் கைகளிற் கொண்டிருக்கின்றனர். அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

முதலில் கருவியின் இயல்பை நோக்குவோம். கணினிச் சித்திரம் ஒரே தாளில் எழுதப்படுவதன்று. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வானத்தை ஒன்றிலும், மலையை ஒன்றிலும், மரத்தை ஒன்றிலுமாகத் தீட்டி, மேலிருந்து நோக்கினால் எல்லாம் ஒரே படமாகத் தோன்றுமன்றோ? அத்தகடு ஒவ்வொன்றும் லேயர் எனப்படும். நாம் அதனைப் படலம் என்போம். அப்படலத்தோடு இணைத்து வைக்கப்படும் மற்றொரு படமே லேயர் மாஸ்க். இதனைப் படல மறைப்பு என்போம். இம்மறைப்பில் நிறங்கள் இல்லை. கறுப்பும் வெளுப்பும், அவற்றின் இடைப்பட்ட சாம்பல் நிறமுமே உண்டு. மறைப்பில் வெண்மை உள்ள இடத்திற் படலம் முழுதும் தோன்றும்; கறுப்பு உள்ள இடத்திற் படலம் முழுதும் மறையும்; சாம்பல் உள்ள இடத்தில் மெல்லிய துணியினூடே காண்பது போல அரைகுறையாகத் தோன்றும். படலத்தில் தீட்டிய வண்ணமோ தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

இதற்குக் கணக்கும் உண்டு. வழக்கமான எட்டுப் பிட் படங்களில் மறைப்பின் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொண்டிருக்கும். 0 கறுப்பு, 255 வெண்மை, ஆக 256 படிகள். மேற்படலத்தில் ஒரு புள்ளியின் செந்நிற அளவு 200 எனவும், கீழ்ப்படலத்தில் அதே இடத்தின் அளவு 100 எனவும், மறைப்பின் எண் 128 எனவும் கொள்வோம். மேலதில் 255-இல் 128 பங்கும், கீழதில் எஞ்சிய 127 பங்கும் எடுத்துக் கூட்டினால் ஏறக்குறைய 150 வரும். கண்ணுக்குத் தோன்றும் அளவு அதுவே. மாயம் ஒன்றும் இல்லை. பள்ளிச் சிறுவனும் அறிந்த விகிதக் கணக்கே. கருவியின் உள்ளிருக்கும் கணக்கை அறிந்தவன் அதனை அஞ்சான் என்பது பற்றியே இதனை விரித்தோம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மாணவன் ஒருவன் சங்ககிரி மலைக்கோட்டையை வரைகின்றான் என்க. மலையின் முன்னே ஒரு பனைமரம் நிற்றல் வேண்டும். மரத்தினூடே மலை தெரியாதிருக்கும்பொருட்டு அவன் மரம் நிற்கும் இடத்தில் மலையை அழித்துவிடுகின்றான். மறுநாள் ஆசிரியர் நோக்கி, "மரத்தைச் சற்று இடப்புறம் தள்ளினால் படம் சிறக்கும்" என்கிறார். மரத்தை நகர்த்தினால் மலையிற் பனைமர வடிவில் ஒரு துளை வாய்பிளந்து நிற்கின்றது. அத்துளையை அடைக்க அவன் மலையின் பாறைகளை மீண்டும் எழுதல் வேண்டும். எழுதினாலும் முதலிற் பெற்ற நிறம் கிட்டுவது அரிது. மறைப்பைக் கையாண்டவனுக்கோ இவ்விடர் இல்லை. அவன் மலைப் படலத்தின் மறைப்பில் மரத்தின் வடிவைக் கறுப்பால் தீட்டியிருப்பான்; மரம் நகர்ந்தவுடன் அவ்விடத்தை வெண்தூரிகையால் ஒருமுறை தடவினால் மலை இருந்தபடியே மீண்டு வரும்.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. மலையடியில் மூடுபனி தவழ வேண்டுமாயின், பனிப் படலத்தின் மறைப்பில் கறுப்பிலிருந்து வெண்மைக்குப் படிப்படியாக மாறும் நிறத்தை இட்டால் போதும். கூரிய விளிம்பு வேண்டுமிடத்துத் திண்ணிய தூரிகையும், மயங்கிய விளிம்பு வேண்டுமிடத்து மென்தூரிகையும் கொள்ளல் வேண்டும். முன்னரே ஓர் இடத்தைத் தேர்ந்து எல்லை கட்டியிருந்தால், அவ்வெல்லையே மறைப்பாக மாறுமாறு செய்யலாம். கீழ்ப்படலத்தின் வடிவிற்குள்ளேயே மேற்படலத்தின் நிழலும் ஒளியும் அடங்கி நிற்குமாறு செய்யும் வேறொரு முறையும் உண்டு. அதனைக் கிளிப்பிங் மாஸ்க் என்பர். மறைப்பைச் சிறிது நேரம் விலக்கிப் பார்த்து மீண்டும் இடலாம். ஆனால் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: மறைப்பைப் படலத்தோடு ஒன்றாக்கும் கட்டளையை இட்டுவிட்டால், மறைத்தது அழித்ததாகவே முடியும். ஆகலின் அக்கட்டளையை இறுதிவரை ஒத்திவைத்தலே அறிவுடைமை.

நிற்க. இக்கலை நம் சமவெளிக்குப் புதிதன்று என்றோம். அதற்குச் சான்று சேலத்திலேயே உண்டு. திருச்செங்கோட்டிற் பிறந்து, இங்கிலாந்தில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று மீண்ட டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1930-களின் நடுவே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் திரைப்பட நிலையத்தை நிறுவினார். ஏற்காட்டு மலையை நோக்கிச் செல்லும் சாலையில் அதன் நுழைவு வளைவு நம்மிற் பலர் கண்டதே. அந்நிலையம் 1940-ஆம் ஆண்டில் உத்தம புத்திரன் என்னும் படத்தை வெளியிட்டது. சுந்தரமே அதனை இயக்கினார். அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடி மனிதன் கதையைத் தழுவிய அப்படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டையராகிய இரு இளவரசர்களாகவும் நடித்தார். தமிழில் ஒரே நடிகர் இரட்டை வேடம் பூண்ட முதற்படம் என்று அது போற்றப்படுகின்றது.

ஒரே மனிதர் ஒரே சட்டத்தில் இருவராகத் தோன்றுவது எங்ஙனம்? அக்காலத்தில் உலகெங்கும் இதற்கு வழங்கிய முறை மறைப்பே. படப்பெட்டியின் கண்ணாடிக்கு முன்னே கரிய தகடொன்றை வைத்து ஒரு பாதியை மறைப்பர். நடிகர் திறந்திருக்கும் பாதியில் நின்று தம் பகுதியை நடிப்பார். மறைந்த பாதியில் ஒளி படாமையால் பிலிம் அவ்விடத்தில் வெறுமையாகவே இருக்கும். பின்னர்ப் பிலிமைத் தொடங்கிய இடத்திற்கே பிசகாது பின்சுற்றி, தகட்டை மறுபாதிக்கு மாற்றுவர். நடிகர் உடை மாற்றி வந்து மறுபாதியில் நிற்பார். படப்பெட்டி மயிரிழையும் அசைதல் கூடாது. விளக்கொளி மாறுதல் கூடாது. நடிகரின் கை நடுக்கோட்டைத் தாண்டுதல் கூடாது. அக்கோடு கண்ணுக்குப் புலனாகாதிருக்கும்பொருட்டு அதனைத் தூணின் ஓரத்திலோ கதவின் விளிம்பிலோ பொருந்த வைப்பர். 1903-ஆம் ஆண்டில் வெளிவந்த தி கிரேட் டிரெயின் ராபரி என்னும் அமெரிக்கப் படத்தில், நிலையத்தின் சாளரத்திற்கு வெளியே ரயில் ஓடுவதாகக் காட்டியதும் இவ்வகை மறைப்பினாலேதான். நம் மாணவர் கணினியில் ஒரு நொடியிற் செய்யும் செயலின் முன்னோர் இவரே.

திரைப்படத்தினும் நமக்கு நெருங்கிய சான்று ஒன்றுண்டு. சங்ககிரியும், 1997-ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. வெறும் அடிச்சட்டத்தோடு வரும் வண்டிக்கு மரத்தாலும் இரும்பாலும் உடல் கட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, வண்ணம் பூசி வெளியே விடும் பட்டறைகள் இங்குண்டு. அங்கே வண்ணம் பூசுவோரின் வேலையைச் சற்று நின்று நோக்குக. இலேசான நிறத்தை முதலிற் பூசி உலரவிடுகின்றனர். அந்நிறம் நிலைக்க வேண்டிய இடத்தில் டேப் ஒட்டிப் பழைய செய்தித்தாளால் மூடுகின்றனர். டேப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்க்கின்றனர். இல்லையேல் மேல்வண்ணம் அடியிற் கசியும். பின்னர் அடர்ந்த நிறத்தை ஸ்பிரே செய்து, அது கல்லென இறுகுமுன்னரே டேப்பை உரிக்கின்றனர். பிந்தினால் விளிம்பு பெயரும். எழுத்தும் பூவும் வேண்டுமிடத்து வெட்டுத்தகடு கொள்கின்றனர். தகட்டை ஒட்ட வைத்துத் தெளித்தால் கூரிய விளிம்பு. விரற்கடை விலக்கிப் பிடித்துத் தெளித்தால் மயங்கிய விளிம்பு. மென்பொருளில் ஃபெதர் என்று எழுதியிருப்பதன் பொருள் யாதென நம் மாணவன் நூலைப் புரட்டுகின்றான்; பட்டறை இளைஞனோ அதனைத் தன் விரற்கடையில் அறிந்திருக்கின்றான்.

இம்மறைப்பு கணினிக்குள் வந்த வரலாறும் சுவையுடையது. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்னும் இருவர், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிற எண்களோடு எத்துணை மறைக்கும் என்பதைக் குறிக்கும் எண்ணொன்றையும் சேர்த்து வைக்கும் வழியைக் கண்டனர். அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டனர். 1984-ஆம் ஆண்டில் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் கணக்கு விதிகளை வரையறுத்து வெளியிட்டனர். ஃபோட்டோஷாப்பைத் தோற்றுவித்த நோல் உடன்பிறந்தாருள் ஒருவராகிய ஜான் திரைப்படத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிலையத்திற் பணிபுரிந்தவர். அம்மென்பொருள் 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1994-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் படலங்கள் அதனுட் புகுந்தன. திரைப்படக்காரர் கரிய தகட்டாற் செய்ததே இங்ஙனம் எண்ணாகி நம் மேசைமேல் வந்து அமர்ந்தது.

ஆயினும் பழைய மறைப்பிற்கும் புதிய மறைப்பிற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. சேலத்துப் படப்பிடிப்பு நிலையத்தில் ஒருமுறை ஒளிபட்ட பிலிமை மீட்க வழியில்லை. பிசகினால் முழுக் காட்சியையும் மீண்டும் எடுத்தல் வேண்டும். நாமக்கல் பட்டறையில் டேப்பை உரித்த பின் எல்லையைத் திருத்த வேண்டுமாயின் மீண்டும் தேய்த்து மீண்டும் பூசுதல் வேண்டும். கணினி மறைப்போ, ஓர் ஆண்டு கழித்துத் திறந்தாலும் திருத்த இடந்தருகின்றது. முன்னோர்க்குக் கிட்டாத இப்பேற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதனைப் பயன்படுத்தாமல் அழிப்பானையே தேடுவது, கிணறு வெட்டிய தோட்டத்தில் வானம் பார்த்து நிற்பதை ஒக்கும்.

இனி, நம் கருத்திற்கு மாறாகக் கூறப்படுவனவற்றை ஆராய்வோம். "எப்பொழுதும் மீட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் மாணவனின் துணிவைக் கெடுக்கும், மையால் எழுதுபவன் சிந்தித்து எழுதுவான், மறைத்து எழுதுபவன் முடிவின்றித் திருத்திக்கொண்டே இருப்பான்" என்பர் சிலர். இவ்வுரையில் உண்மை இல்லாமலில்லை. தாளும் கரித்துண்டும் கொண்டு கை பழகாதவனுக்கு எந்த மென்பொருளும் கண்ணைத் தாராது. ஆதலால் தாளிற் பயின்ற பின்னரே திரைக்கு வருதல் வேண்டும் என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால் துணிவு என்பது மீளாமையினின்று பிறப்பதன்று. அழித்தால் போய்விடுமே என்று அஞ்சும் மாணவன் புதியதொன்றைச் செய்து பார்க்கவே துணிவதில்லை. முதலில் வந்ததையே முடிந்ததாக்கிவிடுகின்றான். மலையை மறைத்தும் காட்டியும் நான்கு வகையாக நோக்கியவனே நான்கில் ஒன்றை அறிந்து தேர்கின்றான். முடிவின்றித் திருத்துவோனுக்கு மருந்து, ஒப்படைக்கும் நாளை ஆசிரியர் உறுதியாகக் குறித்தலே.

"இம்மென்பொருள்கள் விலை மிக்கன, உழவர் நெசவாளர் மக்கள் எங்ஙனம் வாங்குவர்?" என்பது மற்றொரு தடை. ஃபோட்டோஷாப்பிற்கு மாதந்தோறும் பணங்கட்டுதல் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒரு காசும் இன்றிப் பெறத்தக்க மென்பொருள்களும் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய கிம்ப், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களாகிய ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இருவர் 1995-ஆம் ஆண்டிற் செய்யத் தொடங்கி மறு ஆண்டில் உலகிற்கு அளித்தது. கிரிட்டா என்பது ஓவியர்க்கென்றே அமைந்தது. இவ்விரண்டிலும் படல மறைப்பு நிறைவாக உண்டு. கள்ளப் பதிப்புகளை ஒளிந்து நிறுவுவதினும், தடையின்றி வழங்கப்பெறும் இவற்றை நேர்மையோடு கொள்வதே நம் கல்லூரியின் மரபிற்கு ஏற்றது. கருவியை ஆக்கியோர் நம் போன்ற மாணவரே என்பதும் நமக்கு ஊக்கந் தருவதன்றோ?

மூன்றாவது தடை இவற்றினும் கனமானது. "மறைக்கக் கற்பித்தால் பொய்யுரைக்கக் கற்பித்ததாகாதா?" என்று வினவுவோர் உண்டு. இவ்வினாவைத் தட்டிக் கழித்தல் தகாது. ருஷியாவில் நிகழ்ந்ததொன்றைக் காண்போம். 1937-ஆம் ஆண்டில் மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் நடந்து செல்லும் புகைப்படம் ஒன்றில், அவர் அருகே இரகசியப் போலீசின் தலைவர் நிக்கொலாய் எஷோவ் நிற்கின்றார். 1940-ஆம் ஆண்டில் எஷோவ் கொல்லப்பட்ட பின்னர் வெளியிடப்பெற்ற படத்தில் அவர் நின்ற இடத்தில் நீர் மட்டுமே தோன்றியது. சின்னப்பா இருவராய்த் தோன்றிய அதே ஆண்டில் மாண்ட ஒருவர், பின்னர்ப் படத்தினின்றும் இல்லாதவராக்கப்பட்டார். இரண்டும் கைத்திறனே. வேற்றுமை யாது? சேலத்துப் படத்தைக் கண்டோர் தாம் காண்பது வேடம் என்பதை அறிவர். மாஸ்கோப் படத்தைக் கண்டோர் அதனை உண்மை என்று நம்புமாறு செய்யப்பட்டனர். நாம் இன்று அப்பொய்யை அறிவது எதனால்? முதற்படத்தின் படியொன்று அழியாது எஞ்சியமையால். ஆகவே பொய்யைக் காப்பது அழித்தலே. மறைப்பின் அடியில் மூலத்தைக் காத்து வைத்தல் உண்மைக்குத் துணை.

நம் விஞ்ஞான மாணவர் இதனை மிகவும் கருதுதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டில் எலிசபெத் பிக் என்னும் அம்மையாரும் அவர்தம் உடனாய்வாளரும், 40 ஆராய்ச்சி இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் 3.8 விழுக்காட்டுக் கட்டுரைகளில், ஒரே படம் இருவேறு சோதனைகளின் பயன் எனக் காட்டப்பட்டமை போன்ற ஐயத்திற்குரிய படங்கள் இருந்தன. இவற்றுள் கவனக்குறைவாலும் கருதியும் நேர்ந்தவை இரண்டும் இருக்கலாம். இத்தகைய ஐயம் எழுந்தவிடத்து, படலங்களோடு கூடிய மூலக்கோப்பைத் திறந்து காட்டவல்லவன் தலை நிமிர்ந்து நிற்பான். எல்லாவற்றையும் தட்டையாக்கி மூலத்தை அழித்தவன் உண்மையே செய்திருந்தாலும் நிலைநாட்ட வழியின்றித் தவிப்பான். நுண்ணோக்கியின் கீழ் எடுத்த படத்தில் அம்புக்குறியும் பெயரும் தனிப்படலத்தில் இருக்கட்டும். கண்ட பொருளின் எந்தப் பகுதியையும் மறைத்துக் காட்டியிருந்தால் படத்தின் அடியில் அதனை எழுதட்டும். கற்பனைச் சித்திரத்தில் மறைப்பிற்கு எல்லையில்லை. சான்றாக நிற்கும் படத்தில் சொல்லாத மறைப்புக் குற்றமே.

இவற்றையெல்லாம் கருதி நம் கல்லூரிக்கு மூன்று செயல்களை வேண்டிக்கொள்கின்றோம். முதலாவது, கணினிச் சித்திரம் பயிற்றும் வகுப்புகளில் அழிப்பானுக்கு முன்னே மறைப்பைப் பயிற்றுக. முதல் மாதத்தில் அழிப்பானைத் தொடவே கூடாது என்று விதித்தாலும் நன்றே. இரண்டாவது, மாணவர் ஒப்படைக்கும் படத்தோடு படலங்கள் கூடிய மூலக்கோப்பையும் பெறுக. ஜேபெக் என்னும் கோப்பு படலங்களைக் காவாது. கிம்ப், கிரிட்டா, ஃபோட்டோஷாப் ஆகியவற்றிற்கே உரிய கோப்புவகைகள் காக்கும். மூலக்கோப்பு பெரிதாகலாம், ஆயினும் ஒரு திரைப்படத்தைச் சேமிக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான மாணவச் சித்திரங்களைச் சேமிக்கலாம். மூலக்கோப்பை நோக்கும் ஆசிரியர் மாணவனின் முடிவை மட்டுமன்றி, அவன் எண்ணம் சென்ற வழியையும் காண்பார். பிறர் படத்தை எடுத்துத் தன்னதெனத் தருவோனும் அங்கே எளிதில் வெளிப்படுவான்.

மூன்றாவது வேண்டுகோளே நம் உள்ளத்திற்கு மிக நெருங்கியது. லாரிப் பட்டறைகளில் வண்ணம் பூசும் கைவல்லாரைக் கல்லூரிக்கு அழைத்து, நம் மாணவர்க்குக் கற்பிக்கச் செய்க. அவர்க்குரிய மதிப்பூதியமும் தருக. அவர்களுக்குக் கணினியை நாம் கற்பிப்போம். பிளெக்ஸ் பதாகையும் ஒட்டுப்படமும் பரவிய இந்நூற்றாண்டில், சுவரெழுத்தும் பலகையெழுத்தும் பெரிதும் குன்றின. தூரிகையால் வாழ்ந்த குடும்பங்கள் பல வேறு தொழில் நாடின. அவ்வீட்டு இளைஞன் பதாகை அச்சிடும் கடைக்கு வேலை வேண்டிச் சென்றால், அவனை நோக்கிக் கேட்கப்படும் முதற்கேள்வி, "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்பது. தெரியாது என்றவுடன் அவன் ஒன்றுமே அறியாதவனாக எண்ணப்படுகின்றான். எதை முதலிற் பூசுவது, எதை மூடுவது, எவ்விளிம்பு கூர்மை, எவ்விளிம்பு மென்மை என்பனவற்றைப் பல ஆண்டு பழகி அறிந்தவன் அவன். அவனுக்கு இல்லாதது சொடுக்கும் பழக்கம் மட்டுமே. அது சில வாரங்களில் வருவது. சொடுக்கப் பழகிய நம் மாணவனுக்கு இல்லாததோ அவன் கண்ணும் கையும். அவை சில வாரங்களில் வாரா.

அவ்விளைஞனது அறிவும் மறைக்கப்பட்டதேயன்றி அழிந்ததன்று. இன்னும் ஒரு தலைமுறை கவனியாதிருப்போமாயின் அழிந்தே போகும். பின்னர் எந்த வெண்தூரிகையாலும் அதனை மீட்க இயலாது. ஆகலின் இவ்வேண்டுகோளை ஒத்திவைக்க வேண்டா என்கின்றோம். மாலைநேரத்தில் வாரம் இருமுறை, நம் கணினி அறை ஒன்றைத் திறந்து வைத்தல் பெருஞ்செலவன்று. ஒரு மேசையின் ஒருபுறம் பட்டறை இளைஞனும் மறுபுறம் கல்லூரி மாணவனும் அமர்ந்து, ஒருவர்க்கு ஒருவர் ஆசிரியராதல் அழகிய காட்சியன்றோ? மிஷன் கல்லூரிகள் இந்நாட்டில் தோன்றியது, கல்வியின் வாயிலுக்கு வெளியே நின்றோரையும் உள்ளே அழைக்கும் கருத்தோடன்றோ? ஒரு தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்தவன் கதையை நாம் வேதபாட வகுப்பிற் பலமுறை கேட்டிருக்கின்றோம். பிறன் தாலந்து புதையுண்டு கிடப்பதைக் கண்டும் காணாதிருப்பதும் அக்குற்றத்தைச் சேர்ந்ததே.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்களிற் பலர் அச்சகமும், விளம்பர நிலையமும், சேலை வடிவமைப்புக் கூடமும், லாரிப் பட்டறையும் நடத்துகின்றீர்கள். உங்கள் கூடங்களில் பழுதுற்றுக் கிடவாமல் மாற்றப்படும் கணினிகள் இருப்பின் இம்மாலை வகுப்பிற்கு அளியுங்கள். பட்டறை வைத்திருப்போர் தம் கைவல்லாரை வாரம் இரு மாலை விடுத்து உதவுங்கள். கைத்தொழிலும் கல்லூரிக் கல்வியும் ஒன்றாத பொருள்கள் என்று எண்ண வேண்டா. மோகனூரில் 1888-ஆம் ஆண்டிற் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, திருச்சிராப்பள்ளியில் பிஷப் ஹீபர் கல்லூரி என்னும் மிஷன் கல்லூரியிற் பயின்றவர். சித்திரம் எழுதுதலையும் தம் தொழிலாகக் கொண்டிருந்தவர். தூரிகையும் எழுதுகோலும் ஒரே கையிற் பொருந்தும் என்பதற்கு நம் சமவெளியே சான்று தந்திருக்கின்றது.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை திரையில் ஒரு கோடு உங்களுக்கு ஒவ்வாததாகத் தோன்றினால், அதனை அழிக்குமுன் ஒரு கணம் பொறுங்கள். ஒரு மறைப்பை இட்டு, அதில் கறுப்பைத் தீட்டி, அக்கோடு இல்லாத படத்தை நோக்குங்கள். பின்னர் வெண்மை தீட்டி, இருக்கும் படத்தை நோக்குங்கள். இரண்டையும் கண்டபின் முடிவு செய்யுங்கள். அந்தப் பொறுமை சித்திரத்திற்கு மட்டும் பயன்படுவதன்று என்பதைக் காலப்போக்கில் நீங்களே உணர்வீர்கள். ஆசிரியப் பெருமக்களும் நிர்வாகத்தாரும் நம் மூன்று வேண்டுகோளையும் சீர்தூக்கி, வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாலை வகுப்பிற்கு வாயில் திறப்பார்களாக. அம்முயற்சி இனிது நிறைவேற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் கூட்டுவிப்பாராக.